ரவிக்கு நான் எழுதிய நற்சாட்சி

1

கப்பல் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டது என் மகள் ஷெரின். அன்றைக்குப் பிடித்தது வினை. எஹலியகொடையிலும் அவிசாவளையிலும் இருக்கிற சொந்தபந்தம் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. கப்பலில் எல்லாம் சும்மாவாமே, வேண்டிய மட்டும் குடிக்கலாமாமே? என் தம்பி பெண்சாதி ஒருபடி மேலே போய், "அண்ணி, உண்மையச் சொல்லுங்க, நீங்களும் ஊத்திக்கிட்டீங்கதானே?" என்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். பின்னால் நாலு பேர் சிரிக்கிற சத்தமும் கேட்கிறது.

சிரியுங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் கப்பலின் பவிசைச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தக் கப்பலில் வேலை செய்த நம் பக்கத்து ஆள் ஒருவருக்கு வேலை போய்விட்டது. போனதற்குக் காரணம் நான். யாரும் என் கையைப் பிடித்துச் செய்ய வைக்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று நானே வலியப் போய்ச் செய்தேன். ஒரு மாதமாக இதை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன், இனி முடியவில்லை.

2

எங்களுக்குக் கல்யாணம் நடந்து முப்பது வருடம் நிறைந்தது. மெல்பேர்னுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்து மரக்கறிச் சந்தையில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். ஷெரின் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் இருக்கிறாள். தனி வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாங்கள் போய்விட்டு வரும் நேரம் பார்த்து வருவாள், கோழிக்கறி சாப்பிடுவாள், போய்விடுவாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும், அதுவும் என்னுடைய ரப்பர்த் தோட்டத்துத் தமிழ். அதனால் சில சமயம் வேண்டுமென்றே அவளைக் கோபப்படுத்துவேன்.

அவள்தான் எங்களைக் கேட்காமலே கப்பலுக்குப் பணம் கட்டினாள். நியூசிலாந்துக்குப் போய்த் திரும்பும் பயணம். "பத்து நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் எதையும் தூக்கக் கூடாது, கழுவக் கூடாது" என்றாள். அவளும் கூடவே வந்தாள், பக்கத்து அறையில்.

ஏறுவதற்கு முன்னால் இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பிறந்த பதிவில் எனக்கு ஒரு பெயர், ஞானஸ்நானச் சீட்டில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர். பதிவு எழுதிய சிங்கள மஹத்தயா காதில் விழுந்ததை எழுதினார், சாமியார் தனக்குப் பிடித்ததை எழுதினார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயரை எழுதினால் படிவம் ஏற்க மறுத்தது. கடைசியில் ரத்தினபுரி என்று எழுதினோம். மூன்றாம் தரம் திருப்பி அனுப்பியபோது ஷெரின், "அம்மா, நீங்க உண்மையில யாரு?" என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தானே எங்கள் ஆட்கள் குடியுரிமை கேட்டு மூன்று தலைமுறையாக அரசாங்கக் கச்சேரி வாசலில் நின்றார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

இனி நீங்கள் கேட்ட குடி விஷயம். சும்மா இல்லை. முன்கூட்டியே ஒரு தொகை கட்டிவிட்டால் தினமும் இத்தனை குவளை என்று ஒரு கணக்கு. அதற்குப் பெயர் பேக்கேஜ். அறைச் சாவியாக இருக்கும் அட்டையில் ஒரு சின்ன அடையாளம் ஒட்டித் தருவார்கள். அதைக் காட்டினால் பியர், வைன், விஸ்கி, பழச்சாறு, கோப்பி, தேத்தண்ணி எதுவும் வரும். ஒரே அறையில் இருக்கிற பெரியவர்களில் ஒருவர் எடுத்தால் மற்றவரும் எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் புருஷன் வாங்கிப் பெண்சாதிக்குக் கொடுத்துவிடுவானாம். ஒரு தரத்துக்கு ஒரு குவளைதான். அடுத்ததற்குக் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய சட்டம் ஒன்று: உங்கள் அட்டையில் வாங்கியதை நீங்கள்தான் குடிக்க வேண்டும். இன்னொருவருக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது.

நான் குடிக்கிறவள் இல்லை. இவர் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு பியர் குடிப்பார். ஆனால் எங்களுக்காக ஷெரின் கட்டிய பணம் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ரத்தம் எங்களுக்குக் கிடையாது. முதல் நாள் முழுக்க இவர் குடை குத்திய பழச்சாறாக வாங்கி வாங்கிக் குடித்து, இரண்டாம் நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். அதுதான் அண்ணி ஊற்றிக்கொண்ட கதை.

3

கப்பலின் ஆறாம் தட்டில் ஒரு லவுஞ்ச் இருந்தது. ஆள் புதையும் நாற்காலிகள், ஒரு பியானோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல். அங்கே உட்காருவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஷெரின்தான் சொல்லிக் கொடுத்தாள். ரப்பர் செருப்போடு போகக் கூடாது. பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடிக்கக் கூடாது. சத்தமாகப் போன் பேசக் கூடாது. பரிமாறுகிறவரைக் கையைத் தட்டியோ விரலைச் சொடுக்கியோ கூப்பிடக் கூடாது. கண்ணால் பார்த்தால் போதும், அவர்களே வருவார்கள்.

எனக்கு இதில் ஒன்றும் கஷ்டமில்லை. எனக்குத் தெரியாதது உட்கார்ந்தபடி வாங்குவதுதான். ஒருவர் தட்டோடு கிட்டே வந்தால் என் கால் தானாக எழும்பி நிற்கிறது. இரண்டாம் நாள் பின்னேரம் அப்படி எழும்பி நின்றபோது தட்டோடு வந்தவன் சிரித்துவிட்டான். சட்டையில் பெயர்த் தகடு இருந்தது. ரவி, கீழே ஸ்ரீலங்கா.

"நோனா லங்காவெந்த?" என்று சிங்களத்தில் கேட்டான், அம்மா இலங்கையா என்று. நானும் சிங்களத்திலேயே ஆமாம் என்றேன். ஊர் எது என்றான். எஹலியகொட என்றேன். அவன் கலவான என்றான். அதற்கு மேல் இரண்டு பேரும் போகவில்லை. எஹலியகொடையில் எங்கே என்று அவன் கேட்கவில்லை, கலவானையில் எங்கே என்று நானும் கேட்கவில்லை. நம் பக்கத்து ஆட்களுக்கு இந்த நிறுத்தம் விளங்கும். தோட்டத்துப் பெயரைச் சொன்னால் தோட்டத்துத் தமிழ் ஆள் என்று மற்றதெல்லாம் தெரிந்துவிடும், அது எதிரில் நிற்பவரைப் பொறுத்து நல்லதாகவும் முடியலாம், கெட்டதாகவும் முடியலாம்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்து, "ஏய் ஜோசி, அவர்கிட்ட வெறும் சுடுதண்ணி கெடைக்குமான்னு கேளு, வயிறு இன்னும் பொருமிக்கிட்டே கெடக்கு" என்றார்.

எங்கள் தமிழைக் கேட்டதும் ரவியின் முகம் மாறியது. தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நீங்க எந்தத் தோட்டம்ங்க?" என்றான்.

அவ்வளவுதான். அதுவரை மேடம், சார். அதற்குப் பிறகு அக்கா, அண்ணே. இவர் பெல்மதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டம், நான் ரப்பர்த் தோட்டம், அவன் சிங்கராஜக் காட்டை ஒட்டிய தேயிலை. அப்பா இல்லை. அம்மா அந்தோனியம்மா இன்னும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில்தான். பெண்சாதி, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். தோட்டத்துக்கு வெளியே ஏழு பேர்ச் காணி கிடைத்து வீடு கட்டிக்கொண்டிருந்தான். சுவர் எழும்பிவிட்டது, கூரைதான் மிச்சம். இந்த ஒப்பந்தம் எட்டு மாதம், அது முடிந்தால் கூரை போட்டுவிடலாம் என்றான்.

எப்போதும் நின்றுகொண்டேதான் பேசுவான். நான் ஒருநாள் குடித்து முடித்த கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு நடந்தேன். ஓடி வந்து வாங்கிக்கொண்டான்.

"அக்கா, கோப்பையைத் தொடாதீங்க. நான் சும்மா நிக்கிறேன்னு சூப்பவைசர் நெனைப்பாருங்க."

"ரெண்டு கோப்பைதானே தம்பி."

"உங்களுக்கு ரெண்டு கோப்பை. எனக்கு ரிப்போர்ட்டுங்க."

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

4

நாலாம் நாள் கப்பல் கடலிலேயே நின்ற நாள். நின்றது என்றால் துறைமுகம் எதுவும் இல்லாமல் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். எல்லாரும் பிங்கோ விளையாடப் போயிருந்தார்கள். லவுஞ்சில் நாங்கள் இருவர், மூன்று நாற்காலி தள்ளிப் புத்தகம் வாசிக்கிற ஒரு வெள்ளைக்கார அம்மா. ஷெரின் நீச்சல் குளத்துப் பக்கம்.

ரவி எனக்குப் பியர் கொண்டுவந்து வைத்தான். இவருக்குத் தோடம்பழச் சாறு. நாங்கள் இரண்டையுமே கேட்கவில்லை.

"தம்பி, என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லைங்க. மாத்தித் தாறேன்."

"என்னன்னு கேட்டேன்."

தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, "காலைல அம்மா போயிட்டாங்க அக்கா" என்றான்.

விடியற்காலையில் ஊரிலிருந்து அவனுடைய தம்பி செய்தி அனுப்பியிருக்கிறான். நெஞ்சடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருமுன்னே முடிந்துவிட்டது. ரவி கப்பல் அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர்கள் நல்லவிதமாகத்தான் பேசியிருக்கிறார்கள். ஆனால் துறைமுகத்துக்கு இன்னும் ஒரு நாள், அங்கிருந்து கொழும்புக்கு ஒன்றரை நாள். ஊரில் நாளைக்கு எடுக்கிறார்கள். "ஒரு பிடி மண்ணு போடக்கூட நான் இல்லைங்க" என்றான். அறையில் தனியாக இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வேலைக்கு வந்துவிட்டான்.

இதை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்துக் காம்பிராவிலிருந்துதான் தேத்தண்ணி வரும். எழவு வீட்டுக்காரரை உட்கார வைத்து, கையில் கோப்பையைக் கொடுத்து, ஒரு வாய் குடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சாதி பார்க்கிறவர்கள்கூட அன்றைக்குப் பார்க்க மாட்டார்கள். கோபதாபம் உள்ளவளும் கோப்பையோடு வருவாள். எழவு வீட்டுக்காரன் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்று மற்றவருக்குப் பரிமாறுகிற கூத்தை நான் எங்கேயும் கண்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அம்மா செத்த அன்றைக்கு நான் முதியோர் இல்லத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். போனில் செய்தி வந்தது. மேற்பார்வை அம்மா தோளைத் தொட்டு, வேண்டுமானால் வீட்டுக்குப் போ என்றாள். நல்ல மனுஷி. ஆனால் யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை, ஒரு கோப்பை கையில் வைக்கவில்லை. நான் மிச்சக் கிழங்கையும் சீவி முடித்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அது பதினொரு வருடமாக எனக்குள் இருக்கிறது.

நான் எழும்பிக் கவுண்டருக்குப் போனேன். அங்கே ஒரு பிலிப்பைன்ஸ் பெண் நின்றாள். அட்டையைக் காட்டிக் கறுப்புத் தேத்தண்ணி கேட்டேன். குடிவகையில் போடுவதற்கு இஞ்சி வெட்டி வைத்திருந்தார்கள், அதில் நாலு துண்டு போடச் சொன்னேன். சீனி மூன்று கரண்டி. என் பெயரில் ஒரு குவளை ஏறியது. கோப்பையை நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.

"உக்காரு" என்றேன்.

"அக்கா, யாராவது பாத்தா பிரச்சினைங்க."

"எழவு வீட்டுக்காரன் நிக்கக் கூடாது. உக்காரு ராசா."

என் வீட்டுக்காரர் எழும்பி வாசல் பக்கம் மறைத்தாற்போல நின்றுகொண்டார். ரவி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். கோப்பையைக் கையில் வைத்தேன். ஒரு வாய் குடித்தான், பிறகு அழுதான். சத்தம் வராமல் அழப் பழகியிருக்கிறான். நான் அவன் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். எத்தனை மணிக்குக் கொழுந்து பறிக்கப் போவார்கள், எந்த மலை, என்ன கறி நன்றாக வைப்பார்கள். சொன்னான். பலாக்கொட்டைக் கறி என்றான். பத்து நிமிடம் இருக்கும். முழுவதையும் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பியரையும் இவருடைய சாற்றையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனான். புத்தகம் வாசித்த அம்மா ஒருதரம் தலையைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள்.

5

இறங்குவதற்கு முதல் நாள் ரவி சொன்னான். "அக்கா, போனதுக்குப் பொறகு உங்க ஈமெயிலுக்கு ஒரு படிவம் வரும்ங்க. நல்லாப் பாத்துக்கிட்ட ஆள் யாருன்னு கேப்பாங்க. என் பேரப் போட்டீங்கன்னா அடுத்த கான்ட்ராக்டுக்கு ஒதவும்."

"பேரு மட்டுமா? நான் எழுதுற துண்டைப் பாத்து உன்னை சூப்பவைசரா ஆக்கணும், பாரு" என்றேன்.

துண்டு என்று நாம் சொல்வது தோட்டத்தை நடத்துகிற துரை எழுதித் தருகிற சீட்டு. மருந்துக்குத் துண்டு, லீவுக்குத் துண்டு, வேலைக்குத் துண்டு. என் அண்ணனுக்கு ரத்தினபுரியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் வேலை கேட்டு அப்பா துண்டோடு போனார். சின்னத்துரை எழுதியது, நல்ல பிள்ளை, நேர்மையானவன் என்று. முதலாளி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். "எல்லா துண்டுலயும் இப்படித்தான் எழுதியிருக்கு. இவன் என்ன செஞ்சான்னு எழுதி வாங்கிட்டு வாங்க." அப்பா மறுபடி பங்களாவுக்கு நடந்தார். வெள்ளம் வந்தபோது அண்ணன் மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் லயத்துக்கு வந்ததை எழுதி வாங்கினார். வேலை கிடைத்தது. பதினெட்டு வருடம் அந்தக் கடையில் அண்ணன் இருந்தார். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு பாடம்: நல்லவன் என்று எழுதினால் எவனும் நம்ப மாட்டான், செய்ததை எழுத வேண்டும்.

இன்னொரு பாடமும் தோட்டத்தில் படித்ததுதான். சட்டம் பேசுகிறவன் கங்காணி. அவனைத் தாண்டிப் பெரிய துரையிடம் நியாயத்தைச் சொன்னால் துரைக்கு விளங்கும். எங்களுக்கு வந்த கொஞ்சநஞ்ச நல்லதும் அப்படித்தான் வந்தது.

படிவம் வந்தது. ஷெரின் ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஐந்து நட்சத்திரத்தையும் தொட்டு, ரவி என்று பெயரையும் அடித்துவிட்டு, முடிந்தது என்றாள்.

"அது போதாது. நான் சொல்றதை எழுது" என்றேன்.

சொன்னேன். அம்மா செத்த அன்றைக்கும் வேலைக்கு வந்தவன் என்று சொன்னேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி என் பக்கத்தில் உட்கார வைத்து, என் அட்டையில் வாங்கிய தேத்தண்ணியைக் கொடுத்தேன், குடித்துவிட்டு உடனே வேலைக்குப் போனான், இப்படி ஒரு பிள்ளை உங்களுக்குக் கிடைத்தது பாக்கியம் என்று சொன்னேன். முப்பதாம் நாள் பூசைக்காவது அவனை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள் என்றும் சொன்னேன்.

ஷெரின் பாதியில் நிறுத்தினாள். "அம்மா, இவ்வளவும் தேவையா? அந்த உட்கார்ந்த விஷயம் வேணாமே" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஏன் வேணாம்?"

"அவங்களுக்கு ரூல்ஸ் இருக்கும்மா."

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கு நன்றின்னா என்னன்னு தெரியுமா? நட்சத்திரத்தைத் தொட்டா ஆச்சா? அஞ்சு நட்சத்திரத்தை எவன் வாசிப்பான்? எழுதுடி" என்றேன்.

எழுதினாள். ஒரு வார்த்தை விடாமல் எழுதி, வாசித்தும் காட்டினாள். அவளுடைய ஆங்கிலத்தில் என் பேச்சு எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பெருமைப்பட்டேன். அனுப்பச் சொன்னேன்.

6

ஐந்து கிழமை கழித்து ரவியிடமிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. இறங்கும் நாளில் நம்பர் கொடுத்திருந்தேன். நான் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். ஊர் இரைச்சல் கேட்டது, மழையும்.

"தம்பி, ஊருக்கு வந்துட்டியா? லீவு குடுத்துட்டாங்களா?" என்று நான்தான் சந்தோஷமாகக் கேட்டேன்.

"லீவு இல்லைங்க அக்கா. முடிச்சு அனுப்பிட்டாங்க."

சொன்னான். அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் காட்டியிருக்கிறார்கள். வேலை உடுப்போடு விருந்தினர் இருக்கையில் உட்கார்ந்தது ஒரு குற்றம். விருந்தினர் பேக்கேஜில் வாங்கியதைக் குடித்தது இரண்டாவது குற்றம். சூப்பவைசர் பரிந்து பேசிப் பார்த்தாராம். மேலிடத்துக்கு எழுத்தில் வந்துவிட்டது, இனி என் கையில் இல்லை என்றாராம். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். எட்டு மாத ஒப்பந்தத்தில் ஐந்து மாதம் பாக்கி.

"யாரோ பாவி எழுதிப் போட்டுட்டாங்க அக்கா. அந்தப் பொஸ்தகம் வாசிச்ச நோனாவாத்தான் இருக்கும். அவங்க நம்மளப் பாத்தாங்கதானே?"

அவன் தொடர்ந்து பேசினான். கொழும்பில் அவனை அனுப்பிய ஏஜென்சி ஒரு வழி சொல்லியிருக்கிறதாம். சம்பந்தப்பட்ட விருந்தினரே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை, அவர் உட்காரவும் இல்லை, குடிக்கவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மறுபடி பார்ப்பார்களாம்.

"உங்க சொல்லுக்கு மதிப்பு இருக்குங்க. ஒரு கடுதாசி எழுதித் தாங்க அக்கா. பொய்தான். எனக்காக ஒரு தரம்."

"எழுதுறேன் தம்பி. கட்டாயம் எழுதுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ் வந்து நின்று, எனக்காகக் கதவைத் திறந்து, நான் ஏறாததால் மூடிக்கொண்டு போய்விட்டது.

ஷெரினை வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில் அவள் வந்தது அதுதான் முதல் தரம். நடந்ததைச் சொன்னேன். நான் சொன்னேனே என்று அவள் சொல்லுவாள், சொல்லட்டும், திட்டட்டும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்லவில்லை. அனுப்பியதைத் திறந்து இன்னொரு தரம் வாசித்தாள். உட்கார வைத்தேன், என் அட்டையில் வாங்கினேன், குடித்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தது. மேலே என் பெயர், அறை இலக்கம், திகதி.

"அம்மா, அதே பேர்ல இருந்து நடக்கலைன்னு இன்னொரு கடிதம் போனா எப்படி நம்புவாங்க?" என்றாள். இதைத் தமிழில் சொன்னாள். கோபம் இல்லாமல் அவள் என்னிடம் தமிழில் பேசினது எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை. "அவர்தான் பொய் சொல்ல வச்சார்னு நினைப்பாங்க. அவருக்கு இன்னும் மோசமாப் போகும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"எனக்குத் தெரியலைம்மா."

இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்திருந்தோம். அவள் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு அவளே ஒரு கடிதம் எழுதினாள், பொய்யில்லாமல். தப்பு முழுவதும் என்னுடையது, அவன் மறுத்தான், நான்தான் வற்புறுத்தினேன் என்று. அதற்கு நாலு நாளில் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, உங்களை மறுபடி எங்கள் கப்பலில் வரவேற்க ஆவலாக இருக்கிறோம், இத்துடன் அடுத்த பயணத்துக்கு ஒரு சலுகை. ரவி என்ற பெயரே அதில் இல்லை.

7

ரவி இரண்டு தரம் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. மூன்றாம் தரம், கடுதாசி எழுதியாச்சா அக்கா, ஏஜென்சியில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தான். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அவனை எதுக்கு காத்துக்கிட்டு இருக்க விடுற? சொல்லித் தொலை" என்றார். அவர் என்னை அப்படிப் பேசுகிறவர் இல்லை.

போன சனிக்கிழமை நானே கூப்பிட்டேன். பின்னால் அவன் மகள் சத்தமாகச் சிங்களப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். லயத்துக் காம்பிராவில்தான் இருக்கிறார்கள். வீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை.

"தம்பி, என்னால அந்தக் கடுதாசி எழுத முடியாது."

"ஏங்க அக்கா? பொய்ங்கிறதாலயா?"

"இல்ல. முந்தியே ஒண்ணு எழுதிட்டேன். ஒனக்குக் காட்டுன காகிதம் இருக்கே, அதை எழுதுனது அந்த நோனா இல்ல. நான்தான்."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. "என்ன எழுதுனீங்க?" என்றான். சொன்னேன். நல்ல துண்டு எழுத வேண்டும் என்று நினைத்ததையும், செய்ததை எழுதினால்தான் நம்புவார்கள் என்று எழுதியதையும், மகள் வேண்டாம் என்றபோது அவளை ஏசியதையும் சொன்னேன். பாடம் வாசிக்கிற சத்தம் நின்றுவிட்டது. பிள்ளையை வெளியே போகச் சொல்லியிருப்பான்.

"திட்டிடு தம்பி" என்றேன். "வாய்க்கு வந்தபடி திட்டிடு."

"உங்களை என்னங்க திட்டுறது" என்றான். பிறகு சொன்னான். "உங்க மேல தப்பு இல்லைங்க. நான்தான் தப்பு பண்ணிட்டேன். அன்னைக்கு நான் உக்காந்திருக்கக் கூடாது அக்கா."

தன் அம்மாவுக்காக அவன் உட்கார்ந்தது அந்தப் பத்து நிமிடந்தான். இல்லை ராசா, அது தப்பில்லை என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சரி தம்பி என்று சொல்லிவிட்டு வைத்தேன்.